மணல்மேட்டில் வழி தவறினால் முதலில் உடம்பைக் கவனியுங்கள்

கடலோர மணல்மேடுகளில் நடந்த, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் ஓர் ஓரியண்டியரிங் போட்டியில் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தேன். விளையாட்டு மருத்துவராக எனக்குப் பழகிய வேலைதான். வெயில் ஏறிய நேரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை இன்னொரு போட்டியாளர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வந்தவர் உட்காரவே மறுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். மேப்தான் தப்பா இருக்கு, கன்ட்ரோலை இடம் மாத்தி வச்சிருக்காங்க" என்றார். எத்தனையாவது கன்ட்ரோல், அதாவது வரைபடத்தில் குறித்த, தொட வேண்டிய எத்தனையாவது இடம் என்று கேட்டேன். ஏழு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஐந்து என்றார். ஆசனவாய் வழியாக வெப்பநிலை பார்த்தோம்: 40.6 டிகிரி செல்சியஸ்.

ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கழுத்துவரை இறக்கினோம். 39-க்குக் கீழே வந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நல்லபடியாகப் பிழைத்தார்.

அன்று மாலை அவருடைய நேரப் பதிவை எடுத்துப் பார்த்தேன். விரலில் மாட்டியிருக்கும் சிப், ஒவ்வொரு கன்ட்ரோலையும் தொட்ட நேரத்தைப் பதிந்துவைக்கும். முதல் நான்குக்கு ஐந்தைந்து நிமிடம். ஐந்தாவதுக்கு 11 நிமிடம். ஆறாவதுக்கு 23 நிமிடம். அந்தச் சின்னக் காகிதத் துண்டில் அவர் உடம்பு தடுமாறத் தொடங்கிய இடம் அப்படியே தெரிந்தது. கூடாரத்துக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அவருக்கு வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) தொடங்கிவிட்டது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது வரைபடத்தின் தவறு.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். மற்ற ஓட்டங்களில் மூளை மந்தமானால் சீக்கிரம் வெளியே தெரியாது, கால்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஓரியண்டியரிங்கில் ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுக்க வேண்டும். அதனால் வெப்பத்தாக்கின் முதல் அறிகுறி பல நேரம் வழி தவறுவதாகத்தான் வரும். மணல்மேட்டில் இது இன்னும் எளிதாக ஏமாற்றும், ஏனென்றால் அங்கே உடம்பு நன்றாக இருப்பவர்களும் வழி தவறுவார்கள்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் வரைபடமும் காம்பஸும் மட்டும். குறிக்கப்பட்ட இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகள் இருக்கும், வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு முடிவிடத்துக்கு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் விருப்பம். 1897-இல் நார்வேயில் பொதுமக்களுக்காக முதல் போட்டி நடந்தது. குளிர்நாட்டுக் காடுகளில் வளர்ந்த விளையாட்டு இது. அதனால் நாம் கேட்டு வளர்ந்த அறிவுரைகளில் பாதி, காட்டு மண்ணுக்குச் சொன்னவை.

மணலின் கணக்கு வேறு. கெட்டித் தரையோடு ஒப்பிட்டால், அதே வேகத்தில் மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும். நடப்பதற்கு 2.1 முதல் 2.7 மடங்கு. ஆமாம், நடைக்குத்தான் கூடுதல் மடங்கு. "முடியலன்னா நடந்துக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். செலவாகும் சக்தியில் பெரும்பகுதி உடம்புக்குள் வெப்பமாகத்தான் மாறுகிறது.

அடுத்தது காலடிக் கணக்கு. தேர்ந்தவர்கள் தூரத்தைக் காலடி எண்ணித்தான் அளப்பார்கள். மணலில் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பின்னால் வழுக்குகிறது. 200 மீட்டர் வந்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் உண்மையில் 150 மீட்டர்தான் வந்திருப்போம். அங்கே பார்த்தால் எதிர்பார்த்த மாதிரியே ஒரு மேடும் பக்கத்தில் ஒரு பள்ளமும் இருக்கும். மணல்மேடுகளில் எங்கு பார்த்தாலும் அதுதானே இருக்கிறது! அங்கிருந்து தொடங்கும் தவறு அடுத்த மூன்று முடிவுகளையும் இழுத்துக்கொண்டு போகும். போட்டிக்கு முந்தின நாள் அதே மாதிரி மணலில் 100 மீட்டரை அளந்து, ஏற்றத்தில் ஒருமுறை, சமதளத்தில் ஒருமுறை காலடி எண்ணிப் பாருங்கள். உங்கள் பழைய எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

மேட்டின் வடிவமும் உதவும். காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மறுபக்கம் செங்குத்தாக, 30 டிகிரிக்கு மேல் விழும். அந்தச் செங்குத்தில் நேராக ஏறுவதுதான் கெண்டைக்காலுக்குச் செய்யும் பெரிய கொடுமை. வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சுற்றிப் போங்கள். தூரம் கூடினாலும் உடம்புக்கு மிச்சம்.

பள்ளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டின் உச்சியில் கடல்காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்பதே தெரியாது. இரண்டு மேடுகளுக்கு நடுவே இறங்கினால் காற்று நின்றுவிடும், சுற்றியுள்ள மணலிலிருந்து சூடு எல்லாப் பக்கமும் அடிக்கும். அதனால் நின்று வரைபடம் பார்ப்பதாக இருந்தால் பள்ளத்தில் நிற்காதீர்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்றுப் படும் இடத்தில் நில்லுங்கள்.

சரி, எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஒரே வரியை மூன்று முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. அடுத்த கன்ட்ரோலின் எண் மறந்துபோகிறது. யார் மீதோ காரணமில்லாமல் கோபம் வருகிறது. வெயிலில் உடம்பு சிலிர்க்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓடிக்கொண்டிருந்தவருக்கு வெப்பத்தாக்கு வரும்போது பெரும்பாலும் உடம்பு நனைந்தேதான் இருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள், உள் வெப்பத்தைக் குறைத்துக் காட்டும்.

அப்படி ஒருவரைப் பார்த்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், மருத்துவமனை அதற்குப் பிறகு. தொட்டி இல்லையென்றால் கிடைக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். முதல் அரை மணி நேரம்தான் அவர் உயிருக்கும் உறுப்புகளுக்கும் முக்கியம். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

குடிப்பதிலும் அளவு வேண்டும். தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் குழப்பத்திலும் வலிப்பிலும் கொண்டுபோய்விடும்.

கால்களுக்கு: போட்டிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி செய்யுங்கள். சுற்றுக்கு 15 முறை, மூன்று சுற்று. மணலில் குதிகால் புதையும்போது அதற்கு மேலுள்ள தசைநாண் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும். அதற்குப் பழகாதவர்கள்தான் மறுநாள் நொண்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வெறுங்காலோடு ஓட வேண்டாம், நண்பகல் மணல் தோலைச் சுட்டுவிடும். ஷூவுக்குள் போன மணலை நின்று தட்டிவிட்டுப் போங்கள். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தால் கொப்புளம்தான் மிஞ்சும்.

அப்புறம், ஆபத்தில் உதவி கேட்க விசில். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மீண்டும் ஆறு முறை. பள்ளத்திலிருந்து ஊதினால் ஒலி மேட்டைத் தாண்டாது, முடிந்தால் உச்சிக்கு நகர்ந்து ஊதுங்கள். அந்த ஒலியைக் கேட்டவர் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு உதவப் போக வேண்டும். இது இந்த விளையாட்டின் விதி. அன்று அந்த மனிதரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்த பெண் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர். அவர் நிற்காமல் போயிருந்தால் நான் இதை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

பாதியில் விலகினாலும் முடிவிடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாமல் போனவரை வெயிலில் நான்கு பேர் தேடிக்கொண்டிருப்பார்கள், அந்த நால்வரும் வெப்பத்தில்தான் இருக்கிறார்கள். கிளம்பியவர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறி விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் நான் ஐஸ் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வேன்.