மெய்நிகர் கணினிக்குள் ஒரு நிஜக் கார்டு

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளிடம், நெட்வொர்க் தரவை அதிவேகமாகக் கையாள உதவும் டிபிடிகே (DPDK) என்ற மென்பொருள் தொகுப்பைப் பற்றிக் கேட்டால், உடனே வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) இடைவிடாமல் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி, ஒன்றைக் கவனிக்கக் கிடைப்பது சுமார் 67 நானோ வினாடி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வழக்கமான சடங்குகளுக்கு அந்த அவகாசம் போதாது. ஆகவே கெர்னலை ஒதுக்கிவிட்டு, சாதாரண நிரலே நெட்வொர்க் கார்டிடம் நேராகப் பேசுகிறது. எனக்கோ வேகத்தைவிட இதில் ஒளிந்திருக்கும் முகவரிக் கணக்குதான் சுவையானது.

கார்டு தன்னிடம் வரும் பாக்கெட்டைத் தானே நினைவகத்தில் எழுதிவிடும். சிபியுவின் அனுமதியைக் கேட்காது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கொடுத்த முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும். ஹோஸ்ட் எனப்படும் நிஜக் கணினி அந்தக் கார்டை, தன்மீது மென்பொருளாக ஓடும் ஒரு மெய்நிகர் கணினிக்கு நேரடியாக (பாஸ்த்ரூ முறையில்) தாரைவார்த்துவிட்டால் சிக்கல் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் கெர்னல் தருவது அதன் சொந்த நினைவகக் கணக்கின் முகவரி. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் எந்த பிளாக்கிலும் 5-12 என்றொரு வீடு இருக்கும். பிளாக் பெயர் எழுதாத பார்சலை எங்கே கொடுப்பது? வாசலில் நிற்கும் ஒருவர், இன்ன ஆள் கொண்டுவருவது இன்ன பிளாக்குக்கு மட்டும் என்று திருப்பிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் வன்பொருள் ஐஓஎம்எம்யூ (IOMMU). 1972இலேயே பினாங்கில் ஆலை திறந்த இன்டெல் அதற்கு வைத்த பெயர் விடி-டி. அதை நிரல்கள் முறையாகப் பயன்படுத்த வழிசெய்யும் கெர்னல் பகுதியான விஎஃப்ஐஓ (VFIO), 2012இல் லினக்ஸ் 3.6உடன் வந்தது.

இதுவரை ஒரே முகவரி மொழிபெயர்ப்புதான். இப்போது மெய்நிகர் கணினிக்குள் ஓடும் நிரல், அங்குள்ள கெர்னலையும் தாண்டிக் கார்டைத் தொட விரும்புகிறது. நிரலுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சொந்த முகவரிகள். அவற்றை மாற்றித்தர உள்ளேயும் ஓர் ஐஓஎம்எம்யூ வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் விஎஃப்ஐஓ சாதாரணமாகக் கார்டை நிரலிடம் ஒப்படைக்காது.

ஒரு வழி, மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூ (QEMU) தரும் போலி ஐஓஎம்எம்யூ. இன்டெல் வகையைத் தேர்ந்தெடுத்தால் கேச்சிங் மோட் என்ற அமைப்பை மறக்காமல் இயக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே புதிதாக ஒரு முகவரி பதிவானாலும் கியூஇஎம்யூவுக்குச் செய்தி போகும். அது ஹோஸ்டின் உண்மையான அட்டவணையைத் திருத்தும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளியே போய்வர வேண்டியிருப்பதால் இது மெதுவான வேலை. ஆனால் டிபிடிகே நிரல் தொடக்கத்திலேயே 2 எம்பி அல்லது 1 ஜிபி ஹியூஜ்பேஜ் எனும் பெரிய நினைவகத் துண்டுகளைப் பிடித்துப் பதிவுசெய்துவிட்டு, பிறகு பெரும்பாலும் அவற்றையே சுழற்றிக்கொள்வதால் அதற்கு வலி தெரிவதில்லை.

இன்னொன்று, 2016இல் லினக்ஸ் 4.5உடன் வந்த நோ-ஐஓஎம்எம்யூ முறை. இதற்கான கெர்னல் அமைப்பின் பெயரிலேயே ‘அன்சேஃப்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்; பயன்படுத்தினால் கெர்னல் தன்மீது கறை படிந்ததாகவும் குறித்துக்கொள்ளும். ரூட் (முழு நிர்வாக) உரிமையுள்ள நிரல் உண்மை முகவரியைத் தானே தேடி எடுத்துக் கார்டிடம் கொடுக்கிறது. பிழையாகக் கொடுத்தால் அந்த மெய்நிகர் கணினியின் கெர்னலே சிதையலாம். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: வெளியே ஹோஸ்டின் ஐஓஎம்எம்யூ விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. சேதம் பக்கத்து மெய்நிகர் கணினியின் நினைவகத்துக்குத் தாவாது. ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் கணினி என்றால் நான் இதை ஏற்றுக்கொள்வேன். பலர் பகிர்ந்துகொள்ளும் ஒன்றில் வைக்கவே மாட்டேன்.

கார்டை விஎஃப்ஐஓவிடம் மாற்றியதும் கெர்னலின் நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் ‘ஐபி லிங்க்’ பட்டியலிலிருந்து அது காணாமல் போகும். புதியவர்கள் பதறுவார்கள். வெளியிலிருந்து பிங் அனுப்பினாலும் பதில் வராது, ஏனென்றால் பதில் சொல்லும் கெர்னல் இப்போது நடுவில் இல்லை. ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று கேட்கும் ஏஆர்பி உட்பட எல்லாவற்றுக்கும் உங்கள் நிரல்தான் பொறுப்பு. சிபியு பயன்பாட்டைக் காட்டும் ‘டாப்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால், ஒரு பாக்கெட்கூட வராத நேரத்திலும் ஒரு சிபியு கோர் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்: கார்டு தரும் இன்டரப்ட் அழைப்புக்குக் காத்திராமல், பாக்கெட் வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் டிபிடிகேயின் வழக்கம்.