சஸ்பென்ஷன் லைனும் உறிக்கயிறும்

சூலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் சரக்குப் பாராசூட்டைப் பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். "சஸ்பென்ஷன் லைனுக்கு என்னங்கண்ணா போடறது?" என்று கேட்டார். இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன்.

பாராசூட் பிரெஞ்சுச் சொல். 'பாரா' என்றால் தடுப்பது, 'சூட்' என்றால் வீழ்ச்சி. 1783இல் மோன்பெலியே நகரில் கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டிய லெனார்மான் வைத்த பெயர். தமிழில் வான்குடை என்பது நிலைத்துவிட்டது, நல்ல சொல். சிக்கலெல்லாம் குடைத்துணிக்குக் கீழே சரக்கைத் தாங்கி இருக்கிற கயிறுகளுக்குத்தான். அவைதான் சஸ்பென்ஷன் லைன்.

சஸ்பென்ஷன் என்பதன் லத்தீன் வேருக்குத் தொங்கவிடுதல் என்று பொருள். லைன் என்பதும் லத்தீன் வழி வந்ததுதான். 'லினும்' என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூல் 'லினியா'. ஆக, லைன் முதலில் நூல், அப்புறம்தான் கோடு. இது தெரியாமல் 'தொங்கு கோடு' என்று போட்டால் பொருளே கெட்டுவிடும். 'தொங்கு கயிறு' தப்பில்லை. ஆனால் தொங்குவது சரக்கு. கயிறு அதைத் தாங்குகிறது.

அந்த வேலையைச் செய்த கயிறு நம் வீடுகளிலேயே இருந்தது. அம்மிச்சி வீட்டு அடுப்படியில் விட்டத்திலிருந்து உறி தொங்கும், அதில் மோர்ப்பானை. நான்கு கயிற்றில் ஒன்று நைந்தபோது நான் முடிச்சுப் போட்டுவிடலாம் என்றேன். "முடிச்சுப் போட்டா அந்தக் கவுறு குட்டையாயிரும் கண்ணு, பானை சாஞ்சிரும்" என்று சொல்லி, நைந்ததை அவிழ்த்துவிட்டு, மற்ற மூன்றோடு வைத்து இழுத்து அளந்து புதுக்கயிறு கட்டினார்.

சரக்கு வான்குடையிலும் இதே கணக்குத்தான். ஜி-12 என்ற அமெரிக்கச் சரக்கு வான்குடைக்கு 64 அடி விட்டம், 64 கயிறு. சுமார் ஒரு டன் வரை அதில் இறக்கலாம். ஒரு கயிறு நீண்டால் அதன் பங்குச் சுமை பக்கத்துக் கயிறுகளில் ஏறும், குடையின் உருவமும் கோணும். அதனால் புதுக்கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்துத்தான் அளக்கிறார்கள். நைலான் என்பதால் வெட்டிய முனையைச் சூடுகாட்டி உருக்கி, பிரியாமல் செய்கிறார்கள். பிறகு குடை விளிம்பில் ஜிக்ஜாக் தையல். உறியில் கயிறுகள் மேலே கூடிக் கீழே விரியும், வான்குடையில் மேலே விரிந்து கீழே கூடும். வித்தியாசம் அவ்வளவுதான். என் முடிவு: உறிக்கயிறு.

கயிற்றின் உள்ளே போனால் 'புரி' இருக்கிறது, அதாவது முறுக்கிய இழை. பாராகார்ட் என்று கடையில் விற்கிற 550 வகைக் கயிற்றை வெட்டிப் பாருங்கள். மேலே பின்னிய உறை, உள்ளே ஏழு புரிகள். 550 என்பது அது தாங்கும் எடை, பவுண்டில். நம் கணக்கில் கிட்டத்தட்ட 250 கிலோ. நைந்த கயிற்றுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' நற்றிணையில் 284ஆம் பாட்டில் வருகிறது. அந்த உவமையாலேயே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். இழை பிய்ந்து பொசுபொசுவென்று நிற்கும் கயிற்றுக்கு 'தேய்புரி'யைவிடக் கச்சிதமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பழுதுபார்ப்பதற்குப் 'பிணைத்தல்' என்று போடலாமா என்று தம்பி கேட்டார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, அப்படித்தான் தோன்றும். சோமனூரிலும் பல்லடத்திலும் பழைய பாவின் (தறியில் நெடுக்காக ஓடும் நூல்களின்) முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். அந்த முடிச்சு துணிக்குப் போதும். சுமை தாங்கும் கயிற்றில் முடிச்சு விழுந்தால் அந்த இடத்தில் வலு குறையும். அதனால் இங்கே பிணைத்தல் வேண்டாம், 'மாற்றுதல்' என்றே எழுதச் சொன்னேன். கயிறுகள் கீழே வந்து சேரும் தடித்த பட்டைக்கு ஆங்கிலத்தில் ரைசர். அதற்கு 'வார்' போதும், செருப்பு வார் மாதிரி.

அவர் குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது: "17ஆம் உறிக்கயிறு தேய்புரி. உறை கிழிந்து உள்புரி தெரிகிறது. அவிழ்த்து மாற்றவும். வார் நன்றாக உள்ளது."