‘லைட் எரியல’ என்றால், எந்த லைட்?

“ஹெட்லைட் எரியலைங்க” என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களிடம், பானெட்டைத் திறக்கும் முன்பே மூன்று கேள்விகள் கேட்பேன். ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? டிம்மா, பிரைட்டா? சுத்தமாக எரியவில்லையா, மங்கலாக எரிகிறதா? பலருக்குப் பதில் தெரியாது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் முகம் எப்படித் தெரியும்? ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தச் சுவரிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் சுவிட்சையும், சுவிட்ச் போட்டதும் விளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயையும் நோண்ட வேண்டியதில்லை. பல வண்டிகளில் அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. பல்பு, அந்தப் பக்கத்து ஃபியூஸ், ஹோல்டர், எர்த் (கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) என்று நாலு இடம்தான். எரிகிற பக்கத்து பல்பைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டிப் பாருங்கள். காசில்லாத சோதனை.

இரண்டு பக்கமும் போயிருந்தால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். ஒருவர் வந்தார். “நேத்து ராத்திரி ரெண்டு டிம்மும் ஒண்ணா போயிடுச்சு, பிரைட் மட்டும் எரியுது.” ரிலேயை ஏற்கெனவே மாற்றிவிட்டார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் காம்பினேஷன் சுவிட்சையும் மாற்றச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பல்புகளைக் கழற்றினேன். எச்4 வகை, உள்ளே டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என்று தனித்தனி இழைகள். இரண்டு பல்பிலுமே டிம் இழை அறுந்திருந்தது. “ஒரே ராத்திரியிலா?” என்றார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும் தெரிந்தது: சில வாரங்களாகவே ரோடு மங்கலாகத் தெரிந்திருக்கிறது, கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஒன்று எப்போதோ போய்விட்டது, மற்றது நேற்று போனது. அவ்வளவுதான்.

இனி, வீட்டில் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் எரியாது. “கரண்ட் வருதே!” என்பார்கள். வருகிறது, ஆனால் வேலை செய்கிற அளவுக்கு வரவில்லை. மீட்டருக்கு மின்னோட்டம் அநேகமாகத் தேவையே இல்லை. களிம்பேறிய வயரில் ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் 12 காட்டிவிடும். 55 வாட் பல்புக்கோ நாலரை ஆம்பியர் வேண்டும். அதனால் பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்ட நிலையில்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை பல்பின் எர்த் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. அந்த எர்த் வயர் பாடியில் முடுக்கப்பட்டிருக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் திரும்ப முடுக்குங்கள். இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறதென்றால், மீட்டரே வேண்டாம், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஹோல்டர் உருகிப்போய் வருகிற வண்டிகளும் உண்டு. கேட்டால், “வெளிச்சம் பத்தலைன்னு 100 வாட் போட்டேன்” என்பார்கள். நாலரை ஆம்பியருக்கான வயரில் எட்டு ஆம்பியருக்கு மேல் ஓடினால் வேறென்ன நடக்கும்? அதைவிட எனக்குப் பயம் ஃபியூஸில்தான். 10 ஆம்பியர் சிவப்பு அடிக்கடி போகிறதென்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகி வைப்பார்கள். அப்புறம் ஷார்ட் ஆனால் எரியப்போவது வயரிங்.

புது ஹாலஜன் பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை அந்தச் சூட்டில் பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். ஸினான் விளக்கென்றால் நீங்களாகப் பிரிக்கவே வேண்டாம். எரியத் தொடங்கும் நொடியில் அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல்கூடப் பாயும்.

டிஆர்எல் எனும் பகல் விளக்குக்கு வருவோம். இதில் வருகிற புகார்களில் சில, புகாரே அல்ல. சில வண்டிகளில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் எரியாது. ஹெட்லைட் போட்டால் சிலவற்றில் அணையும், சிலவற்றில் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து டிஆர்எல் மட்டும் அணைவதும் உண்டு. வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். நிஜமாகவே பழுதென்றால், அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் பிரைட் இழையையே குறைந்த வோல்ட்டில் எரியவிடுவார்கள். அங்கே பல்பை மாற்றினால் வேலை முடிந்தது. எல்இடி பட்டையாக இருந்து, விளக்குக்குள் நீர் கோத்திருந்தால் செலவு கூடும். உள்ளே இருக்கும் போர்டு அரித்துப் போயிருந்தால் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் டிஆர்எல் எரியாததைவிட, எரிவதால் வருகிற வம்பு பெரிது. பொழுது சாயும் நேரத்தில் முன்னால் வெளிச்சம் இருக்கிறது, டேஷ்போர்டும் பளபளக்கிறது. லைட் போட்டிருக்கிறோம் என்றே ஓட்டுபவர் நினைத்துக்கொள்வார். பல வண்டிகளில் டிஆர்எல் எரியும்போது பின் விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு அந்த வண்டி ஒரு கறுப்புப் பெட்டி.

சமீபத்தில் ஒருவர் டிஆர்எல் எரியவில்லை என்று வந்தார். ஹேண்ட்பிரேக்கை விடுவித்ததும் எரிந்தது. சரி, வந்தது வந்தீர்கள், ஹெட்லைட்டைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு பின் விளக்குகளும் செத்துக் கிடந்தன. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.