நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்து வந்து வீட்டைத் திறக்கிறீர்கள். நாயை உறவினர் வீட்டில் விட்டிருந்தீர்கள். அது இன்னும் திரும்பவில்லை. கூடத்தில் பத்தடி வைப்பதற்குள் கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி. குனிந்து பார்த்தால், எள்ளளவுகூட இல்லாத ஏதோ ஒன்று துள்ளி மறைகிறது. நாயும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு மாதமாக ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பிறகு தெள்ளுப்பூச்சி எதைத் தின்று உயிரோடு இருந்தது?

எதையும் தின்னவில்லை. கூட்டுக்குள் காத்திருந்தது. அது எப்படிக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், குளிப்பாட்டியும் பவுடர் போட்டும் ஏன் தெள்ளு தீரவில்லை என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாய் மேல் ஊர்வது எதுவானாலும் ‘உண்ணி’ என்று சொல்வது நம் பழக்கம். உண்ணிக்கு எட்டுக் கால்; தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துக் குடித்து உப்பும், துள்ளாது. தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் தட்டையான உடம்பு. ரோமத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும், பிடிக்கப் போனால் துள்ளும். நாய்த்தெள்ளு என்று தனி இனம் உண்டு என்றாலும், நாய், பூனை இரண்டின் மேலும் பெரும்பாலும் இருப்பது பூனைத்தெள்ளும் அதன் நெருங்கிய உறவினங்களும்தான். பிளேக் பரப்பிப் பேர் கெடுத்துக்கொண்ட எலித்தெள்ளு வேறு.

நாயின் உடம்பில் ஏறியதும் தெள்ளு உடனே குடிக்க ஆரம்பிக்கும். பெண் தெள்ளு ஒரு நாளில் தன் எடையைப்போல 15 மடங்கு ரத்தம் உறிஞ்சும். அவ்வளவையும் அது செரிப்பதில்லை. பெரும்பகுதி அரைகுறையாகவே வெளியே வந்து, காய்ந்து, மிளகுத்தூள் போல ரோமத்தில் கிடக்கும். ரத்தம் குடித்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 40, 50 வரைகூடப் போகும். பேன் ஈர் மாதிரி அது ரோமத்தில் ஒட்டாது. அரை மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டை, வழவழப்பானது. நாய் எழுந்து உடம்பை உதறினால் போதும், உப்பைத் தூவியதுபோல உதிரும்.

முட்டையோடு அந்த மிளகுத்தூளும் உதிர்கிறது என்பதுதான் இதில் அழகு. முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கண்ணும் கிடையாது, காலும் கிடையாது. உறிஞ்சும் வாயும் இல்லாததால் ரத்தம் குடிக்க முடியாது. நாய் படுக்கும் சாக்கிலும், சோபாவுக்கு அடியிலும், கதவோரக் கால்மிதியடியிலும் தாய் கொட்டிவிட்டுப் போன காய்ந்த ரத்தத்தைத் தின்றே அது வளர்கிறது. தெள்ளு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிப்பதும் இதை வைத்துத்தான். பல் நெருக்கமான சீப்பால் நாயின் வால் அடிப்பக்கம் வாரி, வருவதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கரையும். அது உங்கள் நாயின் ரத்தம்.

புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்குக்குள் போய்விடும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். 35 டிகிரிக்கு மேல் சூடு ஏறினாலும் தாங்காது. அதனால் பாயையும் சாக்கையும் மொட்டைமாடி வெயிலில் உதறிக் காயப்போட்ட பாட்டிமார் செய்தது நல்ல வேலைதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் வெயில் ஏறாது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் அந்த நிழலும் ஈரமும் வருஷம் முழுக்க உண்டு. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து தெள்ளுக்கு ஓர் இடைவேளை கொடுக்கும். நமக்கு அது இல்லை.

புழு வளர்ந்ததும் பட்டுநூல் போன்ற ஒன்றைச் சுரந்து கூடு கட்டும். அந்த நூல் பிசுபிசுப்பானது. தூசி, மண், நூல்நுனி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கும் தெரியாது, பூச்சிமருந்தும் உள்ளே சரியாக இறங்காது. உள்ளே ஒன்றிரண்டு வாரத்தில் தெள்ளு முழு உருவம் பெற்றுவிடும். அப்புறமும் வெளியே வர அவசரப்படாது. வெளியே வந்து ரத்தம் கிடைக்காவிட்டால் சில நாட்களில் சாவுதான். கூட்டுக்குள் இருந்தாலோ நாலைந்து மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தரை அதிர்ந்தால், சூடு பட்டால், மூச்சுக்காற்றின் கரியமிலவாயு வந்தால், ஏதோ பிராணி வந்துவிட்டது என்று நொடிகளில் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பூட்டிய வீட்டில் நீங்கள் வைத்த பத்தடிதான் அந்த அதிர்வு.

இப்போது கணக்கைப் பாருங்கள். தெள்ளு பிடித்த ஒரு வீட்டில் முட்டை பாதி, புழு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், கூட்டில் இருப்பது பத்தில் ஒன்று என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நாய் மேல் துள்ளும் தெள்ளு? வெறும் 5 சதவீதம். குளிப்பாட்டினால் அந்த 5 சதவீதத்தில் ஒரு பகுதி போகும், மறுவாரம் தரையிலிருந்து புதுப்படை ஏறும். வீட்டில் நாம் போருக்குப் போகும் இடமே தப்பு.

மிச்சமுள்ள 95 சதவீதத்தைப் பிடிக்கும் மருந்துக்கு வழி திறந்தது ஒரு காகிதத் துண்டு. 1960-களின் நடுவில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகிலிருந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார் பூச்சி ஆய்வாளர் காரெல் ஸ்லாமா. கூடவே தன் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வளர்த்த சிவப்பு-கறுப்புப் பூச்சி இனம் ஒன்றையும் கொண்டுவந்தார். அமெரிக்கா வந்ததும் பூச்சிகள் வளர்ந்து பெரிதாகாமல், இன்னொரு முறை, மற்றொரு முறை என்று தோலுரித்துக்கொண்டே போய்ச் செத்தன. உணவு, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் சரியாக இருந்தன. ஸ்லாமாவும் அங்கே பேராசிரியராக இருந்த கேரல் வில்லியம்ஸும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் கண்டுபிடித்தது, கிண்ணத்தில் போட்டிருந்த காகிதத் துண்டை! அமெரிக்கச் செய்தித்தாளைப் போட்டாலும் அதே கதை. லண்டன் பத்திரிகையைப் போட்டால் பூச்சி ஒழுங்காக வளர்ந்தது. அமெரிக்கக் காகிதம் செய்த பால்சம் ஃபர் மரத்தில், பூச்சிகளின் ‘இளமை ஹார்மோன்’ போல வேலை செய்யும் பொருள் இருந்தது. அந்த ஹார்மோன் குறைந்தால்தான் பூச்சி முழுவளர்ச்சிக்குப் போகும். குறையவே விடாவிட்டால் அது காலமெல்லாம் குழந்தை.

மரத்தின் பொருள் அந்தப் பூச்சிக் குடும்பத்தை மட்டும்தான் தொட்டது. ஆனால் அதே யோசனையில் செயற்கையாகச் செய்த மெத்தோப்ரீனும் பைரிப்ராக்சிஃபெனும் தெள்ளின் முட்டையைப் பொரியவிடாது, புழுவைக் கூட்டுப் பருவம் தாண்டவிடாது. நமக்கும் நாய்க்கும் அந்த ஹார்மோனே கிடையாது. பிடரியில் ஊற்றும் சொட்டுமருந்துகள் சிலவற்றில் ஃபிப்ரோனிலோடு மெத்தோப்ரீனும் சேர்ந்திருப்பது இதற்குத்தான். ஃபிப்ரோனில் பூச்சியின் நரம்புக்கு உள்ள பிரேக்கைப் பிடுங்கிவிடும். ஓடித் துடித்து அது சாகும். ஃப்ளூராலனர், அஃபாக்சொலனர் போன்ற மெல்லும் மாத்திரைகள் ரத்தம் வழியாக வேலை செய்யும். கடித்த தெள்ளு, முட்டையிடத் தொடங்கும் அந்த 24 மணி நேரக் கெடுவுக்குள் செத்துவிட வேண்டும். பந்தயமே அதுதான். வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இதிலிருந்து ஒன்று புரியும். மருந்து கொடுத்த நாயை வீட்டை விட்டுத் துரத்தினால், பொறியை எடுத்து வாசலில் வைத்த மாதிரி. அது வழக்கம்போல வீட்டுக்குள் உலாவட்டும். கூட்டை விட்டு வரும் ஒவ்வொரு தெள்ளும் அதன் மேல் ஏறிச் சாகும்.

பூனை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். நாய்க்கான சொட்டுமருந்திலும் பவுடரிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம். பூனையின் கல்லீரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் திறன் குறைவு. நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். பெரிய நாயின் மருந்தில் பாதியைப் பூனைக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், கற்பூரம் விஷம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேப்பெண்ணெயையும் பூனை நக்கி விழுங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தரைக்கு, இடுக்கிலிருந்து உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் கிளீனர் இருந்தால் துடைப்பத்தைவிட நல்லது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் சோதித்தபோது, உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளில் 96 சதவீதம் செத்திருந்தது. புழுவும் கூடும் மொத்தமாக. அதன் அதிர்வு, மிச்சக் கூடுகளை எழுப்பிவிடுவது கூடுதல் லாபம். நாயின் விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தும் மூன்றாவது வாரம் மறுபடி தெள்ளு தென்படும். அப்போதுதான் பலரும் மருந்து போலி என்று கடையை மாற்றுகிறார்கள். மருந்துக்கு முன்பே கட்டிய கூடுகள் இப்போது திறக்கின்றன, அவ்வளவுதான். குறைந்தது மூன்று மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும், தேதி தவறாமல் கொடுத்தால் கையிருப்பு தீரும்.

நாயின் வாலடியில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால், அது நாடாப்புழுவின் துண்டு. சொறிந்து கடிக்கும்போது தெள்ளை விழுங்கியதால் வந்தது. அதற்குத் தனி மாத்திரை. தெள்ளு தீராமல் அதை மட்டும் கொடுத்தால், ஒரு மாதத்துக்குள் அரிசி மறுபடி வரும்.