கடிதத்தால் ஒரு நாய் சேவை நாய் ஆகிவிடுவதில்லை

நியூ ஜெர்சியில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம், "எங்கள் நாயைச் சேவை நாய் என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள்" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர்; நாயை வெளியே அழைத்துப் போக வேண்டுமே என்பதற்காகவே காலையில் படுக்கையை விட்டு எழுபவர்கள். அந்தத் துணையின் அருமை எனக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கடிதத்தை நான் எழுதுவதில்லை.

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள்படி, ஒருவருடைய குறைபாட்டோடு நேரடித் தொடர்புள்ள வேலையைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்ட நாயே சேவை நாய். உடன் இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாய் அதில் சேராது. குறைபாடு உடலில் இருக்கிறதா மனத்தில் இருக்கிறதா என்பது இங்கே பொருட்டல்ல.

என்னிடம் வரும் முன்னாள் படைவீரர் ஒருவரின் லாப்ரடார், அவர் காலடியில் உறங்குவதுபோலக் கிடக்கும். பேச்சு ஒரு குறிப்பிட்ட இரவை நெருங்கினால் அவருடைய கட்டைவிரல் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டத் தொடங்கும். நான் அதைக் கவனிப்பதற்குள் நாய் எழுந்து மூக்கால் அந்தக் கையைத் தள்ளும். சுரண்டல் நிற்காவிட்டால், முன்னங்கால்களை அவர் மடிமேல் ஊன்றி, மூச்சு சீராகும்வரை மார்பின் பாரம் முழுவதையும் அழுத்தி வைத்திருக்கும். பாசம் மட்டுமே இதைக் கற்றுத் தந்துவிடாது. மாதக்கணக்கான பயிற்சி வேண்டும்.

சேவை நாயை உள்ளே அழைத்து வரும் உரிமை சட்டப்படி உண்டு; அப்படி வருபவரிடம் கடைக்காரரோ உணவகமோ கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றிருக்கிறது. சான்றிதழ் கேட்க இடமில்லை. இணையத்தில் விற்கும் 'சேவை நாய்' அட்டைகளும் மேலங்கிகளும் எந்த உரிமையையும் தருவதில்லை. வாடகை வீட்டுக்கு மட்டும் நிலை வேறு. நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் ஆறுதல் விலங்குக்கும் இடம் கேட்கலாம் என்பதால், முறையாக மதிப்பிட்ட பிறகு அதற்கு நான் கடிதம் தருவதுண்டு. 2021 ஜனவரி முதல் விமான நிறுவனங்கள் அந்தக் கடிதத்தை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

ஒருமுறை மளிகைக் கடையில், விலைக்கு வாங்கிய மேலங்கி அணிந்த சிறு நாயொன்று தள்ளுவண்டியிலிருந்து குரைத்தபடி ஒரு வழிகாட்டி நாயின்மேல் பாய்ந்தது. வழிகாட்டி நாய் மிரண்டு விலக, சேணத்தின் பிடியை நழுவவிட்ட பார்வையற்ற பெண்மணி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் அலமாரியைப் பற்றிக்கொண்டு தன் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் கடிதம் கேட்பவர்களிடம் தயங்காமல் மறுக்கக் கற்றுக்கொண்டேன்.

மறுப்பதோடு நான் விட்டுவிடுவதுமில்லை. நிறுவனத்தில் பயின்ற நாயாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, உரிமையாளரே பயிற்றுவிக்கலாம். ஆகவே, "உங்களால் முடியாத அந்த நேரத்தில் நாய் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறேன். சென்ற மாதம் ஒரு பெண்மணி வெகுநேரம் யோசித்துவிட்டு, "கெட்ட கனவில் அலறி எழும்போது விளக்கைப் போட்டால் போதும்" என்றார். அந்த வேலைக்கான பயிற்சியை இப்போது தொடங்கியிருக்கிறோம்.