ஆல்பிடோ: திரும்பிப் போகும் வெயில்

பென்னாகரம் பக்கம் கேழ்வரகு காயவைக்கும் பாறையில், சித்திரை மதியத்தில் செருப்பில்லாமல் நடந்திருந்தால் இந்தச் சொல் உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரிதான். கறுத்த பாறையில் கால் வைக்க முடியாது. சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடியில் தத்தித் தத்தியாவது நின்றுவிடலாம். விழுந்த வெயிலில் எத்தனை பங்கு திரும்பிப் போகிறது என்ற கணக்குக்குப் பெயர் ஆல்பிடோ.

லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை; 'ஆல்பிடோ' என்றால் வெண்மை. ஒளியை அளக்கும் இயலுக்கு இதை 1760இல் கொண்டுவந்தவர் யோகான் லாம்பெர்ட். அத்தனையும் விழுங்கினால் 0, அத்தனையும் திருப்பினால் 1. புதுப்பனி 0.8க்கு மேல். காய்ந்த பாலை மணல் 0.4 அளவில். சோலார் தகடு 0.1ஐ ஒட்டி.

இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கு நடுவில்தான் சிக்கல். ராஜஸ்தானில் தார் பாலையின் பட்லா சூரியப் பூங்கா ஏறத்தாழ 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். மணலாக இருந்தால் திரும்பிப் போயிருக்கக்கூடிய வெயிலை அங்கே தகடு பிடித்துவைக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குபோல மின்சாரமாகும், மிச்சமெல்லாம் சூடு. அமெரிக்காவில் அரிசோனாவின் ஒரு சூரிய மின்நிலையத்தில் அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரவுக் காற்று சுற்றுப்புறப் பாலைவெளியைவிட 3 முதல் 4 டிகிரி சூடாக இருந்தது. பகலில் அல்ல, இரவில்! மண் இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுத்தான் ஆறும். தகடு குறுக்கே நிற்கிறது.

சகாராவில் ஐந்தில் ஒரு பங்கைத் தகடால் மூடினால் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சூடேறிய காற்று மேலெழுந்து மழை கூடுகிறது, எங்கோ இருக்கும் அமேசானில் மழை குறைகிறது. புழுதியின் கதை வேறு. தகடுமேல் படிந்தால் ஆல்பிடோ மறுபடி ஏறும், மின்சாரம் இறங்கும். உடனே கழுவ வேண்டும், பாலையில் தண்ணீருக்கு எங்கே போவது?

கிணற்று மோட்டாருக்குச் சோலார் போட்ட எங்கள் மாமாவிடம், தகடு ஏன் கறுப்பாகவே இருக்கிறது என்று கேட்டேன். "வெள்ளையா இருந்தா வெயில் எங்க மாப்ள நிக்கும்?" என்றார். லாம்பெர்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'வெண்மை' நேர்பெயர்ப்பு, சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்தான் நினைவுக்கு வரும். 'எதிரொளித்திறன்' நல்ல ஆக்கம். ஆனால் வாயால் சொன்னால் எதிரொலியாகக் காதில் விழும். தவிர, '2,245 மெகாவாட் திறன்' என்று எழுதும் அதே பத்தியில் இன்னொரு 'திறன்' வந்தால் வாசகர் தடுமாறுவார். இது இரண்டு அளவுகளின் பங்கு என்பதால் 'எதிரொளிப்பு விகிதம்' என்பதே என் தேர்வு. எதிரொளிப்பு பள்ளிப் பாடத்தில் படித்த சொல்தான்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தகட்டின் விகிதத்தை மட்டும் சொன்னால் பாதிக் கணக்குதான். வெளிறிய மணல்மேல் போட்டால் வித்தியாசம் பெரிது. நம் கிருஷ்ணகிரிக் கரட்டுச் செம்மண் முன்பே மணலைவிட இருண்டது, இங்கே அத்தனை இருக்காது.