ஸ்டேக்: பெயரும் பொருளும், கொஞ்சம் பக்குவமும்

ஸ்டீக் என்று பலர் எழுதுகிறார்கள், உச்சரிப்பு ஸ்டேக்தான். நாருக்குக் குறுக்கே தடிமனாக வெட்டி, குழம்பில் போடாமல் நேரடிச் சூட்டில் வாட்டி எடுக்கும் கறி, பெரும்பாலும் மாட்டுக்கறி.

சொல் வந்த இடம் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழி. அதில் ஸ்டெய்க் என்றால் சுட்ட கறி. குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவதுதான் அடிப்படை, ஆங்கில ஸ்டிக்கும் இதே குடும்பத்துச் சொல். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது.

இனி நம்ம பக்கம் வாங்க, ஸ்டேக்கைத் தமிழில் என்னவென்று சொல்லலாம்? பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுத்த விருந்தைச் சொல்லும்போது ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று ஒரு வரி. காழ் என்றால் கம்பி, கோழூன் கொழுப்புள்ள இறைச்சி, குறை என்றால் வெட்டிய துண்டம். கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டம்! சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒற்றி ஒற்றித் தின்றார்களாம். ஆனால் குறை என்றால் இன்று குற்றம் என்றுதான் காதில் விழும், அதை மீட்பது கஷ்டம். சூட்டிறைச்சி நல்ல சொல், ஆனால் சுட்ட கறி எல்லாமே அதில் அடங்கிவிடும். ‘மாட்டிறைச்சித் துண்டு’ என்று எழுதினால் சுக்காவுக்கு வெட்டியதும் அதுதானே. என் ஓட்டு சூட்டுக்கண்டத்துக்கு. உப்புக்கண்டம் ஏற்கனவே நம் வாயில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்டம் வடமொழி வழி வந்தது என்று ஒதுக்குகிறவர்கள் சூட்டுத்துண்டம் என்று சொல்லட்டும்.

பெயர் எதுவானாலும், சென்னையில் புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ கறிக்கடையில் போய் ஸ்டேக் கேட்காதீர்கள், அண்டர்கட் கேளுங்கள். முதுகெலும்புக்கு அடியில் ஓடும் நீளமான தசை அது, மாடு நடக்கும்போது அதற்கு அதிக வேலை கிடையாது, அதனால்தான் மெத்தென்று இருக்கிறது. தொடைக்கறி அப்படி இல்லை, அது சுக்காவுக்கு. “பாய், துண்டு போடாதீங்க, முழுசா குடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பேச்சு முடிவதற்குள் கத்தி இறங்கிவிடும். வெள்ளைக் கொழுப்பும் கருஞ்சிவப்புக் கறியுமாக இருந்தால் பெரும்பாலும் எருமை. அதில் உள்கொழுப்பு குறைவு, ஆகவே கொஞ்சம் அதிகம் வெந்தாலும் வறண்டுவிடும்.

அன்றைக்கு வெட்டிய கறிதான் உசத்தி என்பது குழம்புக்குச் சரி. ஸ்டேக்குக்கு இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் கிடக்கட்டும், வெட்டியதும் விறைக்கும் தசை, அதிலேயே இருக்கும் நொதிகளால் மெல்ல இளகும். கறி மெத்தென்று ஆகச் சிலர் தடவும் பப்பாளிக்காய் அண்டர்கட்டுக்குத் தேவையே இல்லை, நேரம் தப்பினால் கறி கூழாகிவிடும்.

ஒரு அங்குலத் தடிமனுக்கு வெட்டி, சமைப்பதற்கு 40 நிமிடம் முன்பே உப்பு தடவி வையுங்கள். அப்புறம் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், இதில் சோம்பல் கூடாது: மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் பழுப்பு நிறமும் வராது, மணமும் வராது. இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்து லேசாகப் புகை வந்ததும் எண்ணெய் விட்டுக் கறியைப் போட்டால் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வரவில்லையா, உடனே எடுத்துவிட்டுக் கல்லை இன்னும் காயவிடுங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், கடைசியில் வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் போட்டுக் கல்லைச் சாய்த்து, உருகியதைக் கரண்டியால் மேலே மேலே ஊற்றுங்கள். உள்ளே 63 டிகிரி வந்ததும் இறக்கினால் போதும். இதற்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்குவது நல்லது, ஆரம்பத்தில் விரலால் அழுத்திக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

இறக்கியதும் ஐந்து நிமிடம் தொடாதீர்கள், உடனே வெட்டினால் சாறு தட்டில் ஓடும். வெட்டும்போது நார் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே கத்தியைப் போடுங்கள்.